புதுப்பித்த 280 எஸ்இ 3.5 கேப்ரியோலெட்: நிறமும் இன்ஜினும் மாறிய காருக்கு முழு விலையா?

தாழ்கிரில்:
ஜெர்மனியில் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு மெர்சிடிஸ் 280 எஸ்இ 3.5 கேப்ரியோலெட் (துணிக்கூரையை மடக்கித் திறக்கும் கார்) விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரம் சொல்வது இவ்வளவுதான்: 1971 மாடல், முதலில் அமெரிக்காவுக்குப் போன வண்டி, திரும்பி வந்து முழுப் புதுப்பிப்பு. வெள்ளையாக (பெயின்ட் குறியீடு 050) இருந்தது இப்போது கறுப்பு (040). உள்ளே இருப்பது “அதே வகை மாற்று இன்ஜின்”. துணிக்கூரை, தோல் இருக்கை, குரோம் எல்லாம் புதுசு. புதுப்பித்த பிறகு 3,000 கிலோமீட்டர் ஓட்டம். அறுபது படம் போட்டிருக்கிறார்கள், அடிப்பாகத்துக்கு ஒன்றுகூட இல்லை. கேட்கும் விலை மட்டும் எண்கள் எல்லாம் பொருந்தும் காரின், அதாவது பிறவி இன்ஜினே இன்னும் உள்ள காரின் விலை. நியாயமா?

எண்பொருத்தம்:
நியாயமே இல்லை. 1961 முதல் 1971 வரை இந்த உடலில் வந்த கேப்ரியோலெட்டுகள் மொத்தம் 7,013. அதில் 3.5 வெறும் 1,232. கதவு, மரப்பலகை, பின்புற வளைவு எல்லாம் ஆறு சிலிண்டர் 280 எஸ்இ கேப்ரியோலெட்டிலும் அதேதான், அது 1,390 வந்தது. 3.5க்குக் கூடுதலாகக் கொட்டும் பணம் வி8க்கும் (எட்டு சிலிண்டர் இன்ஜின்) அதைச் சொல்லும் எண்ணுக்கும்தான். அந்த வி8ஏ வேறு என்றால் எதற்குக் காசு?

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சேசிஸ் எண். 111.027 என்று தொடங்கினால் பிறவியிலேயே 3.5 கேப்ரியோலெட். 111.025 என்றால் ஆறு சிலிண்டர் கேப்ரியோலெட், 111.026 என்றால் 3.5 கூப்பே (நிலையான கூரை உள்ளது). அதற்கடுத்த இரண்டு இலக்கம் 12 என்றால் இடதுபக்க ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக். 10 என்றால் கையால் மாற்றும் கியர். 3.5இன் அடையாளமாகச் சொல்லும் தாழ்வான கிரில்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பானட்டையும் கிரில்லையும் மாற்றிவிடலாம், காரின் இரும்புச் சட்டத்தில் குத்திய எண்ணை அப்படி மாற்ற முடியாது.

அமெரிக்காவுக்குப் போன 1971 வண்டியில் எண் இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும்: முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து படிக்கும்படி ஒரு சிறு தகடு. அதுவும் சட்டத்து எண்ணும் டேட்டா கார்டும் (தொழிற்சாலையின் பதிவு அட்டை) ஒன்றையே சொல்ல வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள், பெயின்ட் குறியீடு எல்லாம் டேட்டா கார்டில் உண்டு. நகலை விற்பவர் காட்டட்டும்.

ஓட்டினால்தான்கார்:
எண் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் “இன்ஜின் மாறியது, ஆகவே குப்பை” என்பது ஏலக்கூடத்துப் பேச்சு. அந்தக் காலத்தில் தேய்ந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு மெர்சிடிஸைத் தயாரித்த டைம்லர்-பென்ஸிடமே செப்பனிட்ட மாற்று இன்ஜின் வாங்கிப் போடுவது சாதாரண நடைமுறை. அப்படி மாறியிருந்து பில் இருந்தால் அதுவும் அந்தக் காரின் வரலாறுதான். விலையைக் குறையுங்கள், சரி. காரையே ஏன் ஒதுக்க வேண்டும்?

இன்னொன்று: ஜெர்மனியில் எச் நம்பர் பிளேட்டுக்கு (பழங்கால வண்டிகளுக்கானது) முப்பது வயதும் நல்ல அசல் நிலையும் போதும். ஆண்டு வரி 191.73 யூரோ. அதே காலத்து, அதே குடும்பத்து வி8 இருப்பதற்காக யாரும் பிளேட்டைப் பிடுங்கப் போவதில்லை.

எண்பொருத்தம்:
எச் பிளேட் சாலையில் ஓட்டுவதற்கான சலுகை. சேகரிப்பு மதிப்புக்கு அது சான்றிதழ் ஆகாது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். “அதே வகை” என்ற சொல்லையே நான் நம்பவில்லை. இந்த உடலுக்கான எம்116 இன்ஜினின் எண் 116.980 என்று தொடங்கும். 116.982 என்றால் அது மெர்சிடிஸின் வேறொரு மாடலான 350 எஸ்எல்லில் இருந்து வந்தது. இரண்டும் 3,499 சிசி, இரண்டும் 200 குதிரைத்திறன், ஆகவே விற்பவர் “அதே வகை” என்று கூசாமல் எழுதலாம்.

ஈயமும்தீயும்:
இரண்டு பேரும் காகிதத்திலேயே நிற்கிறீர்கள். இன்ஜின் மாற்றுவது ஒரு வார வேலை. இந்தக் காரில் பணத்தை விழுங்குவது உடம்புத் தகடு.

கூரை இல்லாத உடம்பில் பாரத்தைத் தாங்குவது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி. வெளித் தகடு, உள் தகடு, நடுவே வலுவூட்டல் என்று அடுக்கடுக்காக இருக்கும். துரு உள்ளேதான் தொடங்கும், வெளியே குமிழ் தெரியும்போது பாதி போயிருக்கும். சரியாகச் செய்பவர் வெட்டுவதற்கு முன்பே கீல் பக்கத் தூணுக்கும் பூட்டுப் பக்கத் தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து இறுக்குவார், வண்டியின் எடையை சஸ்பென்ஷன் மேலேயே வைத்திருப்பார், ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் போவார். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுத்தால் நடு உடம்பு சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். பிறகு கதவைச் சீவியும் பட்டி பூசியும் இடைவெளியை அழகாக்குவார்கள். படத்தில் அற்புதமாக இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: நான்கு டயரிலும் நிற்கும்போது கதவின் பின்னோர இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்க ஜாக்கிக் குழாயில் (ஜாக்கி மாட்டுவதற்காக உடம்பிலேயே உள்ள குழாய்) ஏற்றித் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். பூட்டு இடித்தாலோ, மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ பெட்டி வேலை செய்யவில்லை. ஜாக்கிக் குழாயில் ஏற்ற விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

மற்ற இடங்கள்: மிதியடிக்குக் கீழுள்ள தரை, முன் சட்டக் கால்கள், ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறம், டிக்கியின் இரு ஓரக் குழிகள். பெயின்ட் தடிமன் மீட்டரும் கொண்டுபோங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் சுமார் 100 முதல் 150 மைக்ரான், நல்ல மறுபெயின்ட் 200 முதல் 300.

எண்பொருத்தம்:
அப்படியானால் 800 காட்டும் இடமெல்லாம் பட்டி, கதை முடிந்தது.

ஈயமும்தீயும்:
இல்லை. இங்கேதான் நல்ல காரைத் தள்ளிவிட்டு வருகிறார்கள். மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையில் உடல் தகடுகள் சேரும் இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி நிரப்பித்தான் இழைத்தார்கள். சாதாரண காந்த மீட்டர் இரும்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அளக்கும். நடுவில் இருப்பது ஈயமா பட்டியா என்று அதற்குத் தெரியாது. பின் மட்கார்டின் மேல் இணைப்பு ஓரத்தில் ஒரு கோடாக 800 என்றால் ஈயமாக இருக்கலாம். கதவின் நடுவயிற்றில், சக்கர வளைவின் கீழோரத்தில் 800 என்றால் அங்கே ஈயத்துக்கு வேலையே இல்லை, அது பட்டி. சந்தேகம் என்றால் டிக்கி விரிப்பை எடுத்துவிட்டு உட்புறம் எண்டோஸ்கோப் (குழாய்க் கேமரா) விடுங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங்கின் சின்னச் சின்ன வட்டக் குழிகள் சீரான தூரத்தில் தெரிய வேண்டும். அந்த இடம் பளபளவென்று வழவழப்பாக இருந்தால் மாற்றுத் தகடு.

ஓட்டினால்தான்கார்:
மாற்றுத் தகடு இருப்பது குற்றமில்லையே. புதுப்பிப்பு என்றால் அதுதானே!

ஈயமும்தீயும்:
குற்றமில்லை. வேலைப் படங்கள் இல்லாததுதான் குற்றம். இவ்வளவு செலவழித்த பட்டறை தகடு அறுத்த நாளைப் படம் எடுக்காமல் இருக்காது.

டிஜெட்:
இன்ஜின் எண்ணுக்குச் சண்டை போடுகிறீர்கள், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. இதில் இருப்பது பாஷ் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். காற்றின் அளவை நேராக அளக்காது, இன்டேக் குழாயின் அழுத்தத்தை வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும். அந்த அழுத்த உணரியின் உள்ளிருக்கும் மெல்லிய தகடு வயதாகி விரிசல் விட்டால் பெட்ரோல் அதிகம் போகும்: கரும்புகை, பெட்ரோல் வாடை, சோம்பலான ஓட்டம்.

சோதனை எளிது. கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை உணரியில் மாட்டி அரை பார் அளவுக்கு இழுங்கள். சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் உணரி போச்சு. சுருள்களை மீட்டரில் பார்த்தால் ஒன்று சுமார் 90 ஓம், இன்னொன்று சுமார் 350 ஓம். சுருள் சரியாக இருப்பதை வைத்து உணரி நல்லது என்று சொல்லிவிடுவார்கள், நம்ப வேண்டாம். பெரும்பாலும் போவது தகடுதான்.

விற்பனைக்கு முன் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு திருகு இருக்கும், அது ஐடில் (நின்றபடி ஓடும்போதான) பெட்ரோல்-காற்றுக் கலவையை மட்டும் மாற்றும். உணரி கெட்ட காரில் அதைத் திருகிவிட்டால் ஐடிலில் புகைச் சோதனை பாஸாகிவிடும். ஓட்டும்போது பழைய குருடிதான். ஆகவே ஐடிலில் கேட்டு மயங்காமல், சூடான இன்ஜினில் மூன்றாம் கியரில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் நான்கு தூண்டல் காண்டாக்ட் உண்டு. எட்டு இன்ஜெக்டரும் இரண்டிரண்டாகத் திறப்பதால் ஒரு காண்டாக்ட் அழுக்கானால் இரண்டு சிலிண்டர் சேர்ந்து தூங்கும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் போனால் இன்ஜெக்டரையோ பிளக்கையோ பாருங்கள். பெட்ரோல் அழுத்தம் சுமார் 2 பார். இன்ஜெக்டர் பக்கத்து வயரை விரலால் மடக்கினால் தோல் நொறுங்கக் கூடாது. “முழுப் புதுப்பிப்பு” காரிலும் வயரிங் பழசாகவே இருக்கும், படத்தில் தெரியாதல்லவா?

வால்வ் மூடி இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். கேம்ஷாஃப்ட்டுக்கு மேலே எண்ணெய்க் குழாய் ஓடும், அதன் பிளாஸ்டிக் இணைப்புகள் தளர்ந்தால் கேம் மேடுகள் காய்ந்து தேயும். டைமிங் செயின் இரட்டை வரிசை, அது தாங்கும். செயின் தடத்தின் பிளாஸ்டிக் பழசானால் உடையும்.

தாழ்கிரில்:
நிறம் மாறியதைப் பற்றி? வெள்ளையிலிருந்து கறுப்பு.

எண்பொருத்தம்:
டேட்டா கார்டில் 050 என்று இருக்கும், கார் 040. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவாவின் டூரின் சாசனம் மாற்றத்தைக் குறைவாக, பதிவோடு, திரும்பப் பெறக்கூடியதாகச் செய்யச் சொல்கிறது. நிறத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் காரையே மறுபடி பிரிக்க வேண்டும். வெள்ளையைக் கறுப்பாக்கியது கார் மேலுள்ள அன்பால் அல்ல, விற்க எளிது என்பதால்.

ஓட்டினால்தான்கார்:
சாசனம் வழிகாட்டி, தண்டனைச் சட்டம் அல்ல. 040 தொழிற்சாலையிலேயே கிடைத்த நிறம். யாரோ உலோகப் பச்சை அடித்திருந்தால் உங்களோடு சேர்ந்து கத்துவேன்.

ஈயமும்தீயும்:
கறுப்பில் ஒரு நன்மை: எதையும் ஒளிக்காது. நீளக் குழல்விளக்கின் கீழ் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள், விளக்கின் பிம்பம் நெளிந்தால் கீழே பட்டி. கண்ணாடி, கீல் எல்லாம் கழற்றி அடித்தார்களா என்பதற்கு டாஷ்போர்டின் அடியிலும் கதவுக் கீலின் பின்னாலும் பாருங்கள். அங்கே வெள்ளை எட்டிப் பார்த்தால் “முழு” என்ற சொல்லை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடலாம்.

அமெரிக்கக் கார்களின் தனித்தனி வட்ட ஹெட்லைட்டை எடுத்துவிட்டு ஐரோப்பிய ஒற்றைக் கண்ணாடி போட்டிருப்பார்கள். அது பரவாயில்லை, பழையதைப் பெட்டியில் கொடுத்தால் சரி. ஆனால் மைல் மீட்டரை கிலோமீட்டர் மீட்டராக மாற்றியிருந்தால் அதில் தெரியும் மொத்த ஓட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

துணிக்கூரையின் முன்பலகை மரம். கொக்கி மாட்டும் இடத்தில் மெல்லிய திருப்புளியால் அழுத்துங்கள், உள்ளே போனால் மக்கிய மரத்தின்மேல் புதுத் துணி. கதவுக் கண்ணாடியையும் கூரைச் சட்டத்தையும் முதலில் பொருத்திவிட்டுத்தான் துணியை இழுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் முன்கண்ணாடித் தூண் மூலையில் தண்ணீர் இறங்கும்.

தாழ்கிரில்:
விற்பவர் பதில் வந்துவிட்டது. சேசிஸ் எண் 111.027-12 என்று தொடங்குகிறது, கண்ணாடித் தகடும் அதையே சொல்கிறது. இன்ஜின் எண் 116.982. பில் இல்லை.

எண்பொருத்தம்:
சொன்னேனே. எஸ்எல் இன்ஜின். எனக்கு இத்தோடு முடிந்தது.

ஓட்டினால்தான்கார்:
எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. உடம்பு உண்மையான 3.5 கேப்ரியோலெட். இனி எண் பொருந்தும் விலையைக் கேட்க அவருக்கு வாயில்லை. அடிப்பாகம் நன்றாக இருந்தால், 116.980 பிளாக் ஒன்று தேடிச் செப்பனிடும் முழுச் செலவையும் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள். அந்த பிளாக் போட்டாலும் பிறவி எண் திரும்பாது, அதற்கும் தனியாகக் கழியுங்கள்.

டிஜெட்:
116.982 உடன் எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எந்த அழுத்த உணரி வந்தது என்று பாஷ் எண்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி ஒரு காரினது, உணரி இன்னொரு காரினது என்றால் என்ன திருகினாலும் கலவை நிற்காது.

ஈயமும்தீயும்:
அடிப்பாகப் படம் வந்ததா?

தாழ்கிரில்:
இன்னும் இல்லை. “லிஃப்ட் இல்லை” என்கிறார்.

ஈயமும்தீயும்:
ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும் போதும் என்று எழுதுங்கள். ஸ்டாண்டு ஜாக்கிக் குழாய்க்கு அடியில் நிற்க வேண்டும், வேறெங்கும் வேண்டாம்.