பெல் ஆய்வகம்: தொலைபேசி நிறுவனத்திற்குள் அடிப்படை அறிவியல் வளர்ந்தது எப்படி?

கேள்வி:
1925இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்துதான் மின்குறிகையைப் பெருக்கும் சிறு சாதனமான டிரான்சிஸ்டர், செய்திகளை அளந்து அனுப்புவதற்கான கணிதமான ஷானனின் தகவல் கோட்பாடு, சிலிக்கான் சூரிய மின்கலம், யூனிக்ஸ் என்னும் கணினி இயங்குதளம் ஆகியவை வெளிவந்தன. ஆய்வாளர்களுக்கு அளிக்கப்பட்ட முழுச் சுதந்திரமே இதற்குக் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். லாபத்திற்காக நடக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தை விளக்க அந்த ஒரு காரணம் போதுமா?

மறுமொழி 1:
போதாது என்பதே என் கருத்து. அங்கே சுதந்திரம் இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சுதந்திரத்தைச் சுற்றிலும் தொலைபேசி வலையமைப்பின் தீராத சிக்கல்கள் இருந்தன. தொலைதூர அழைப்புகளின் ஒலியைப் பெருக்கிய வெற்றிடக் குழல்கள் சூடேறின, மின்சாரத்தை விழுங்கின, அடிக்கடி பழுதாயின. அவற்றுக்கு மாற்றைத் திடப்பொருளில் தேட வேண்டும் என்று ஆய்வகத்தின் ஆராய்ச்சி இயக்குநர் மெர்வின் கெல்லி வற்புறுத்தியதன் பின்னணியில்தான், 1947 டிசம்பரில் அங்கிருந்த இயற்பியலாளர்கள் பார்டீனும் பிராட்டைனும் ஜெர்மேனியம் என்னும் குறைகடத்தியின் துண்டு ஒன்றில் மின்குறிகையைப் பெருக்கிக் காட்டினார்கள்; அதுவே முதல் டிரான்சிஸ்டர். அதே ஆய்வகத்தின் பென்சியாஸ், வில்சன் இருவரின் கதையும் இதைப் போன்றதே. செயற்கைக்கோள் தொடர்புக்காகக் கட்டப்பட்ட ஹோம்டெல் கொம்பு அலைவாங்கியில் எந்தத் திசையிலும் குறையாத இரைச்சலைக் கேட்ட அவர்கள், அதைக் கருவியின் குறை என்று ஒதுக்கிவிடாமல் காரணத்தைத் தேடியதால்தான் பெருவெடிப்பின் எச்சமாகப் பேரண்டமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 1965இல் உலகுக்குத் தெரியவந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் இந்த வரலாற்றைச் சொல்வோர் உலோகவியலாளர்களை மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. போதிய தூய்மையான ஜெர்மேனியம் இல்லாமல் டிரான்சிஸ்டரை நம்பகமாக உற்பத்தி செய்திருக்கவே முடியாது. ஒரு தண்டின் குறுகிய பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகிய பகுதியை மெல்ல மெல்ல மறுமுனைக்கு நகர்த்தினால், மாசுகளில் பெரும்பாலானவை உருகலிலேயே தங்கிக் கடைசி முனையில் சேர்ந்துவிடும். வில்லியம் ஃபான் வகுத்த முறை இது. கார்டன் டீல் அணுக்கள் முழுவதும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட ஒற்றைப் படிகங்களை வளர்த்துக் காட்டினார். 1956இன் இயற்பியல் நோபல் பரிசு பார்டீன், பிராட்டைன், அவர்களுடைய குழுத் தலைவர் ஷாக்லி ஆகிய மூவருக்கும் போனது முறையானதே. ஆயினும் இயற்பியலாளரும் வேதியியலாளரும் உலோகவியலாளரும் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த ஆய்வக வளாகத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்ததை விட்டுவிட்டு அந்த வெற்றியைப் புரிந்துகொள்ள இயலாது.

மறுமொழி 3:
பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பேச வேண்டும். தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தொலைபேசித் துறையில் ஏகபோகமாக இருந்ததால், பத்து இருபது ஆண்டுகள் கழித்துப் பயன் தரக்கூடிய ஆய்வுக்கும் கட்டண வருவாயிலிருந்து செலவிட முடிந்தது. அந்த ஏகபோகத்துக்கு ஒரு விலையும் இருந்தது: 1956இல் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அதுவரை பெற்றிருந்த காப்புரிமைகளை மற்ற அமெரிக்க நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட நேர்ந்தது. ஆய்வகத்தின் கண்டுபிடிப்புகள் வெளியே பரவியதற்கு உள்ளிருந்த மேதைமையைப் போலவே இந்த நிபந்தனையும் காரணம் என்பேன். 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டதும் ஆய்வு உடனே வறண்டுவிடவில்லை. ஸ்டீவன் சூ லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்தது 1985இல், இதே ஆய்வகத்தில்தான். ஆனால் ஆய்வகம் 1996இல் ஏடி அண்ட் டியிலிருந்து பிரிந்த லூசென்ட் நிறுவனத்திடமும், 2006இல் அல்காடெல்-லூசென்ட்டிடமும் கைமாறிய பிறகு பொறுமைக்கான வருவாய் சுருங்கியது. 2008இல் அடிப்படை இயற்பியல் ஆய்விலிருந்து விலகுவதாக அந்நிறுவனமே அறிவித்தது.