ஆய்வுக்குப் பணம் கேட்டுப் போன கதைகள்: உடல் ஊனம், பாலியல், கருவிகள்

கைப்பட்டை:

ஜேஆர்எஃப், அதாவது பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு மத்திய அரசு தருகிற மாத உதவித்தொகை, அதை வாங்கியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்தப் பணம் ஆளுக்கு வருகிறது, தலைப்புக்கு அல்ல. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. நான் பாலத்தை ஆராய்கிறேனா பாலியலை ஆராய்கிறேனா என்று டெல்லியில் யாரும் கேட்கப் போவதில்லை. கைடு ஒத்துக்கொண்டால் போதும், என் கைடு ஒத்துக்கொண்டார்.

வம்பு அதற்கப்புறம்தான். மோட்டார், சிலிகான், 3டி பிரிண்டிங், சோதனைக்கு வருகிறவர்களின் வண்டிச் செலவு, இதெல்லாம் ஸ்டைபெண்டில் ஆகிற காரியம் இல்லை. தனியாக ப்ராஜெக்ட் பணம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் வாயைத் திறந்து தலைப்பைச் சொல்ல வேண்டும்.

என் தலைப்பு இதுதான்: கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, சி6 (கழுத்தின் ஆறாவது நரம்பு) அளவில் செயலிழந்தவர்கள் அடுத்தவர் உதவியில்லாமல் பயன்படுத்தக்கூடிய பாலியல் உதவிக் கருவி. சி6 ஆளுக்கு விரலை மடக்க வராது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்க வரும். தூக்கினால் விரல்கள் தானாகக் கொஞ்சம் மடங்கும். டெனோடெசிஸ் பிடி என்பார்கள். அதை வைத்துப் பேனாவை எடுக்கலாம், லேசான டம்ளரைத் தூக்கலாம். அதிர்கிற பொருளைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, அதிர்வே அதைக் கையிலிருந்து நழுவ வைத்துவிடும். கடையில் கிடைக்கிற கருவிகளின் பட்டனைப் பாருங்கள். மிளகு அளவில் இருக்கும், விரல் நுனியால் அழுத்தி மூன்று நொடி பிடிக்க வேண்டும். யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்குப் பத்து விரலும் ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட் பணத்துக்கான நேர்காணலில் எதிரே ஏழு பேர். மூன்றாவது ஸ்லைடில் 2004இல் வந்த ஒரு அமெரிக்கக் கணக்கெடுப்பைப் போட்டிருந்தேன். தண்டுவடக் காயமுள்ள 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார்கள். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்கள் கையைக் கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே பாதிக்கப்பட்டவர்கள் முதலிடம் கொடுத்தது நடப்பதற்கு இல்லை, பாலியல் செயல்பாட்டுக்கு. அந்த ஸ்லைடு வந்ததும் அறையில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் டீ குடிக்கத் தோன்றியது. ஒருவர் மட்டும், "அது அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கும்மா" என்றார். இன்னொருவர் நல்ல மனுஷர், வெளியே வந்து தனியாகச் சொன்னார்: "டைட்டில்ல 'வாழ்க்கைத்தரம்'னு போட்டுடுங்க. வேற யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்."

போட்டேன். மறு வருடம் பரிசீலனைக்குப் போனது. ஒரு நிபுணர் எழுதினார்: "கரண்டி பிடிக்க வெல்க்ரோ கைப்பட்டை ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. இதில் புதிதாக என்ன?" கோபப்பட வழியில்லை, அவர் கேட்டது சரி. செய்யப்போகிற வேலையை மறைத்துவிட்டால் மிச்சம் நிற்பது கரண்டிக் கைப்பட்டைதானே. கடைசியில், சாப்பிட உதவும் கருவி என்ற நிபந்தனையோடு கேட்டதில் பாதிப் பணம் வந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து ரொம்ப நல்ல கரண்டிப் பிடி ஒன்று செய்தேன்.

சோதனையின் கடைசி நாள், தயிர்சாதத்தைச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்த ஒரு தம்பி சொன்னது: "நல்லாருக்குக்கா. ஆனா சாப்பாடு எங்கம்மாவே ஊட்டிவிட்ருவாங்க. எங்கம்மாவால முடியாத வேலைக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உங்களில் யாருக்காவது பணம் கேட்ட, அல்லது சோதனைக்குப் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

டி8:

நான் ஆய்வு செய்தவன் இல்லை, செய்யப்பட்டவன். பைக் விபத்து, தண்டுவடத்தில் டி8 அளவில், அதாவது மார்புப் பகுதியின் எட்டாவது நரம்பில் அடி, மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஆஸ்பத்திரியில் நாலு மாதம். படுக்கைப்புண் வராமல் எப்படித் திரும்புவது, டியூப் எப்படிப் போட்டுக்கொள்வது, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கல்யாணமாகி ஏழு மாதமாகியிருந்த எனக்கு, கேட்க நினைத்ததைக் கேட்க ஆள் கிடைக்கவில்லை. ராத்திரி டியூட்டி வார்டு பாய்தான், "அண்ணே, குழந்தை பொறக்கும்ணே, பக்கத்து பெட்டுக்காரருக்குப் பொறந்துச்சு" என்றான். மருத்துவ ஆலோசனை அவ்வளவுதான்.

பிறகு ஒரு டாக்டர் விவரமாகச் சொன்னார். காயம் டி10 அல்லது அதற்கு மேலே இருந்தால் கீழே உள்ள அனிச்சை நரம்புச் சுற்று பெரும்பாலும் கெடாமல் இருக்கும். தகுந்த அதிர்வு கொடுத்தால் விந்து வெளிவர நல்ல வாய்ப்பு உண்டு. டென்மார்க்கில் இதை உட்கார்ந்து அளந்து பார்த்து 1994இல் எழுதியிருக்கிறார்கள்: நொடிக்கு 100 அதிர்வு, 2.5 மில்லிமீட்டர் வீச்சு. சாதாரண மசாஜ் மெஷினுக்கு அந்த வீச்சு வராது. அதற்கென்றே செய்த மருத்துவக் கருவி இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வரவழைத்தேன். சுங்கத்தில் மாட்டியது. ஆபாசப் பொருள் இறக்குமதிக்கு 1964இல் போட்ட தடை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. டாக்டர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் நேரிலேயே போனேன். சாய்தளம் இல்லை, ரெண்டு பேர் தூக்கினார்கள். அதிகாரி பெட்டியைத் திறந்து, உடனே மூடி, "இது எதுக்கு சார்?" என்றார். "குழந்தைக்கு." "குழந்தைக்கா?" அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. விளக்கிச் சொன்னதும் மனுஷன் முகம் மாறி, தண்ணீர் கொடுத்தார். கருவியைக் கொடுக்க இன்னும் ஆறு வாரம் ஆனது. 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம், சுங்கத்துறை பிடித்து வைத்த பாடி மசாஜர்களைப் பாலியல் பொம்மை என்று கற்பனை செய்துகொண்டு தடுக்கக் கூடாது என்று சொன்னது. படித்தபோது சிரிப்புதான் வந்தது. அது மசாஜர் என்பதால் தப்பித்தது. நிஜமாகவே அந்தக் காரியத்துக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிற எங்களை மாதிரி ஆட்கள் என்ன செய்வது?

கைப்பட்டை அக்காவுக்கு ஒன்று. ஒரு ஆய்வுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போக வர வண்டி 900 ரூபாய், கூட வந்தவனுக்கு ஒருநாள் கூலி போச்சு. "பட்ஜெட்டில் அதற்கு ஹெட் இல்லை" என்று ஒரு பேனா கொடுத்தார்கள். பேனா நன்றாக எழுதியது.

ரீஹாப் பிசியோ:

பதினோரு வருடமாக இந்த வேலை. என் பிஎச்.டி. எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது மனிதர்களிடம் செய்கிற ஆய்வுக்கு அனுமதி தருகிற குழுவில், எட்டு மாதம் நின்றது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூக அறிவியல் ஆள் ஒருவர், சாதாரணப் பொதுஜனம் ஒருவர் வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. எங்கள் கமிட்டியில் என் பக்கம் நின்றவர் அந்தப் பொதுஜனம் ஒருவர்தான், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை.

கேள்விகளைச் சொல்கிறேன். "கல்யாணமானவங்களை மட்டும் சேர்த்துக்கலாமே?" "பெண்கள் எதுக்கும்மா, கூச்சப்படுவாங்க." "பாதிக்கப்படக்கூடியவர்களிடம் இப்படிக் கேட்டால் மனசு புண்படாதா?" கடைசிக் கேள்விக்கு டீச்சரம்மா திரும்பிப் பார்த்து, "கேக்காம இருக்கிறதுல புண்படலையா சார்?" என்றார். அன்றைக்கு வேறு எதையும் பேசாமல் கூட்டத்தை முடித்தார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் இவர்களுக்குக் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அதை நகல் எடுத்துக் கொடுத்தேன். இன்பம் என்ற சொல் அதில் கிடையாது என்பதை ஒரு உறுப்பினர் சரியாகக் கண்டுபிடித்தார். அதனால் ‘குழந்தைப்பேறு’ என்று மாற்றி எழுதினேன். குழந்தைப்பேறு என்றதும் பெண்களுக்குக் கருவி எதற்கு என்று அந்தப் பகுதியே விழுந்துவிட்டது. அடிபட்ட பெண்களுக்கு மாதவிலக்கு பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பி வந்துவிடும், கருத்தரிக்கவும் முடியும். அதனால் "அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று முடித்துவிட்டார்கள். ஆய்வுப் பணத்தில் பாதிப் பேர் காணாமல் போவது இப்படித்தான்.

இங்கே படிப்பவர்கள் யாராவது தாங்களே எதையாவது முயற்சி செய்யலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை. காயம் டி6 அல்லது அதற்கு மேலே இருந்தால், அதிர்வு கொடுக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்காருங்கள், சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் தடவை எதுவானாலும் டாக்டர் முன்னிலையில்தான், பி.பி. மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். டி8 தம்பிக்கு இந்த அபாயம் குறைவு, சி6 ஆட்களுக்கு நிறைய. கைப்பட்டை, உங்கள் கருவியில் ஒரே தட்டில் நிற்கிற மாதிரி பெரிய பட்டன் வையுங்கள். முழங்கையால் தட்டினாலும் நிற்க வேண்டும்.

குளிர்தேசம்:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்ப லண்டனில் இருக்கிறன். இங்க பாலியல் எண்ட சொல்லுக்கு ஒருத்தரும் டீ குடிக்கேல்லை. வேற விதமாகச் சுத்த விட்டவை. பொறியியல் பக்கத்து நிதிக்குழு, "இது சமூகவியல்" எண்டு சொல்லிச்சு. சமூகவியல் பக்கம் போனால், "கருவி செய்யிறதெண்டால் பொறியியல்." ரெண்டு வருசம் பந்து மாதிரி. ரெண்டு துறைக்கும் பொதுவான ஒரு அழைப்பு வந்தபிறகுதான் இடம் கிடைச்சது.

2024-25 கணக்கில் அரச ஆய்வு நிதியின் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் வருசத்துக்கு 19,237 பவுண். அடுத்த வருசம் 20,780 ஆக்கினவை. 2021இல் இருந்து வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் புதுசாச் சேர்க்கிறவையில 30 சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டினம். ஊரில் இருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகள் வேலைத் திட்டத்தை எழுத முதல் மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. அவை ஓமெண்டால்தான் மிச்சக் கதை. அமெரிக்காவில் தண்டுவடக் காயத்துக்கெண்டே காசு குடுக்கிற கிரெய்க் நீல்சன் அறக்கட்டளை இருக்கு. உளவியல், சமூக வாழ்க்கை பற்றிய ஆய்வுக்கெண்டு தனிப் பிரிவே வைச்சிருக்கினம்.

போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை பெடியள் இடுப்புக்குக் கீழ இயங்காமல் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும். என்ர மச்சான் அதில ஒருத்தன். நான் என்னத்தைப் படிக்கிறன் எண்டு அவனிட்டச் சொல்ல எனக்கு மூண்டு வருசம் எடுத்தது. சொன்னதும், "அப்ப சாம்பிள் ஒண்டு அனுப்படா" எண்டான்.

பெயர் வேண்டாம்:

நான் படிச்சவள் கிடையாது, பத்தாவது. என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஒன்பது வருஷம். நீங்கள் எல்லாரும் கருவி கருவி என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் பிரச்சினை கட்டில்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று, தலைமாட்டைத் தூக்குகிற இரும்புக் கட்டில் வாங்கினோம். ஒரு ஆள் படுக்கிற அகலம். ரெண்டு பக்கமும் கம்பி. முதல் ராத்திரியே நான் கீழே பாய் விரித்தேன், இன்றைக்கும் பாய்தான். அதைச் செய்தவர்கள் யாரும் இவருக்குப் பொண்டாட்டி இருப்பாள் என்று நினைக்கவில்லை போல. ஒரு தடவை மெத்தைக் கடையில் சொல்லி, சாய்வாக ரெண்டு போம் துண்டு வெட்டி ரெக்சின் உறை தைத்து வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு முதுகுவலி என்றேன். இடுப்புக்குக் கீழே அதை வைத்தால் அவருக்குக் கால் வெட்டி இழுப்பது கொஞ்சம் குறைகிறது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

டி8:

அக்கா, நீங்க பத்தாவது இல்ல, டாக்டரேட்.

கைப்பட்டை:

போன வாரம் மறுபடி ஒரு விண்ணப்பம் போட்டேன். இந்த முறை ‘வாழ்க்கைத்தரம்’ இல்லை. முதல் வரியிலேயே பாலியல் என்று எழுதினேன். கைடு படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கையெழுத்துப் போட்டார். டி8 சொன்ன வண்டிச் செலவும், கூட வருகிறவர்களின் கூலியும் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கிறது. பெண்களுக்கும் ஒரு கருவி என்று எழுதியிருக்கிறேன், கமிட்டி வெட்டினால் காரணத்தை எழுத்தில் கேட்பேன். பிசியோ அக்கா, பெரிய பட்டனை நேற்றே வரைந்துவிட்டேன். கிடைக்குமா என்று கேட்காதீர்கள். ஏழு பேரில் நாலு பேர் பழைய ஆட்கள்தான்.

ஆனால் கட்டில் என் மண்டைக்கு ஏறவே இல்லை. மூன்று வருடமாகக் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெயர் வேண்டாம் அக்கா, முடிந்தால் உங்கள் கட்டிலின் அகலம், தரையிலிருந்து உயரம், கம்பி கழலுமா கழலாதா, அந்த போம் துண்டின் அளவு, எல்லாம் எழுதுவீர்களா?

பெயர் வேண்டாம்:

அகலம் மூணு அடி. உயரம் 22 அங்குலம், தையல் டேப் வைத்து அளந்தேன். கம்பி ஒரு பக்கம் கழலும், சுவரோரம் இருக்கிற பக்கம். போம் பெரியது நீளம் 20, உயரம் 8, சின்னது 14க்கு 5. சின்னதுதான் அதிகம் உபயோகம். நீங்கள் செய்தால் உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வையுங்கள்.