கவாசாகி இசட்1 வெளிவர நான்கு ஆண்டுகள் ஏன் தாமதமாயின?

கேள்வி:
ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிளை 1968 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் வைத்தபோது, கவாசாகியும் நான்கு சிலிண்டர் கொண்ட 750 சி.சி. வண்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது என்று படித்தேன். அப்படியானால் அதை உடனே முடித்து விற்பனைக்கு விடாமல், 1972இல் இசட்1 வரும் வரை இழுத்தடித்தது ஏன்?

பதில் 1:
அதே அளவு எஞ்சினுடன் பின்னால் வந்தால், ஹோண்டாவைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பேச்சே மிஞ்சியிருக்கும். எனவே கைவசம் இருந்த திட்டத்தை ஓரங்கட்டிவிட்டு, அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்து, 'நியூயார்க் ஸ்டேக்' என்ற மறைபெயரில் பெரிய எஞ்சினுக்குப் போனார்கள். சிபி750 ஒற்றைக் கேம்ஷாஃப்டுடன் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 736 சி.சி.யில் 67 குதிரைத்திறன் தந்தது; இசட்1 இரட்டைக் கேம்ஷாஃப்டுடன் 903 சி.சி.யில் 82 தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கவாசாகி சும்மா இருக்கவும் இல்லை. 1969இல் வந்த மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டியான எச்1, பெட்ரோலைக் குடித்தாலும், வேகப் பிரியர்களைத் தக்கவைத்துக்கொண்டது. அந்த வண்டி இல்லாவிட்டால் இத்தனை பொறுமை காட்டியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

பதில் 2:
மேலே சொன்னதோடு, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹோண்டா ஒரே துண்டாக அடித்த கிராங்கை உருளைகள் இல்லாத, வழவழப்பான உலோக பேரிங்குகளில் ஓடவிட்டது. கவாசாகியோ பல துண்டுகளை அழுத்திப் பொருத்தி, ரோலர் பேரிங்குகளில் ஓடவிட்டது. பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்றை மாற்றுவதற்குக்கூடக் கிராங்கை அழுத்தியந்திரத்தில் வைத்துப் பிரித்து, மறுபடி நேராக்கிச் சேர்க்க வேண்டியிருப்பதால், பழுது பார்ப்பவருக்கு அது தலைவலிதான். ஆனால் உறுதி அபாரமானது: 1973 மார்ச்சில் டேடோனா களத்தில் ஒரு இசட்1, மணிக்குச் சராசரியாக 176 கி.மீ. வேகத்தில் 24 மணி நேரம் ஓடிச் சாதனை படைத்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஜப்பானுக்குள் விற்ற இசட்2 என்பது, இதே எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தை மட்டும் குறைத்ததுதானா?

பதில் 2:
இல்லை. உள்நாட்டில் 750 சி.சி.க்கு மேல் விற்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தாமே வரம்பு வைத்துக்கொண்டிருந்ததால், 1973இல் இசட்2 வந்தது. இசட்1இல் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 66 மி.மீ.; இசட்2இல் விட்டம் 64, ஸ்ட்ரோக் 58. ஸ்ட்ரோக்கே மாறிவிட்டதால் கிராங்கும் வேறு. பழைய உதிரிப்பாகம் வாங்கும்போது, வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி ஒன்றின் கிராங்கை மற்றதற்கு வாங்கிவிடாதீர்கள்.