ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் அடுத்த பேட்டரி சோடியமா, லித்தியமா?

நெய்தல்:
நம் நாட்டு ஸ்கூட்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சோடியம் அயனி பேட்டரிதான் சரி என்பது என் உறுதியான கருத்து. லித்தியத்துக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். சோடியத்துக்கான மூலப்பொருளான சோடா உப்போ குஜராத்திலேயே மலைமலையாகத் தயாராகிறது. செல்லின் எதிர்முனையில் தாமிரத் தகடும் வேண்டாம், அலுமினியமே போதும்.

கொங்குவண்டி:
2022 நவம்பரில், லித்தியம் கார்பனேட் சீனாவில் டன்னுக்கு 6 லட்சம் யுவானைத் தொட்டபோது இதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். 2024-இல் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சோடியத்தின் பெரிய பலமே விலைதான். அதுவே ஆட்டம் கண்டபின் என்ன மிச்சம்? லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. செல், இன்றே கையில் இருக்கிறது. எடையும் குறைவு.

நெய்தல்:
இறங்கிய விலை ஏறாதா, நண்பரே? எல்.எஃப்.பி. நேர்முனைப் பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகிறது. அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதிக்கும் 2025 ஜூலையில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். எடையையும் கணக்குப் போட்டே பார்ப்போம். சீன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2021-இல் அறிவித்த சோடியம் செல் கிலோவுக்கு 160 வாட் மணி. மூன்று யூனிட் ஸ்கூட்டருக்குச் செல் மட்டும் சுமார் 19 கிலோ. எல்.எஃப்.பி. 180 என்று வைத்தால் 17 கிலோ. இரண்டு கிலோவுக்கா இத்தனை தயக்கம்?

கொங்குவண்டி:
எடை கிடக்கட்டும், மின்னழுத்தத்தைப் பாருங்கள். எல்.எஃப்.பி. பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட் அருகிலேயே நிற்கும். சோடியம் செல் 4 வோல்ட்டில் தொடங்கி 1.5 வரை சரியும். சார்ஜ் குறைந்த நேரத்தில் மேம்பாலம் ஏறும் ஆட்டோவுக்கு அந்தச் சரிவு நன்றாகவே தெரியும். சமாளிக்க, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றி வடிவமைக்க வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது?

பாலாறு:
இரண்டுமே இடைக்கால ஏற்பாடுதான். அயனிகளைக் கடத்தும் திரவ எலக்ட்ரோலைட்டுக்குப் பதில் திடப்பொருள் வைத்த திடநிலை பேட்டரி காரை 2027-28-இல் கொண்டுவருவதாக டொயோட்டா சொல்லியிருக்கிறது. அது வந்தால் தீப்பிடிக்கும் திரவத்துக்கே வேலையில்லை.

நெய்தல்:
பாலாறு, அது விலையுயர்ந்த காருக்கு. சல்பைடு வகைத் திட எலக்ட்ரோலைட்டில் ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு கிளம்பும். ஆலை முழுவதையும் உலர்ந்த காற்றில் வைத்திருக்க வேண்டும். ஆட்டோக்காரரின் கடன் தவணைக்குள் அது எப்போது அடங்கும்?

கொங்குவண்டி, கன்ட்ரோலர் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அது ஒருமுறை செய்யும் பொறியியல் செலவு; இறக்குமதி ஆண்டுதோறும் தொடரும். பிரிட்டனின் சோடியம் பேட்டரி நிறுவனமான ஃபாரடியனை வாங்குவதாக 2021 டிசம்பரிலேயே ரிலையன்ஸ் அறிவித்தது. சோடியம் நுட்பம் இந்தியக் கைக்கு வந்து ஆண்டுகளாகின்றன.

கொங்குவண்டி:
நுட்பம் வந்தது, சரி. அந்தச் செல் இங்கே பெருமளவில் தயாராகி, மே மாத வெயிலில் பாரம் ஏற்றி ஓடட்டும். அதுவரை, எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவரிடம் எல்.எஃப்.பி. என்றுதான் சொல்வேன்.