மேக அறைக்கு மதுரையில் ட்ரை ஐஸ் எங்கே கிடைக்கும்?

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறோம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடத்தைக் காட்டும் மேக அறைதான் முக்கியம். கண்ணாடித் தொட்டியின் மேல்பக்கம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி, அடியில் கறுப்புத் தகடு, அதன் கீழே மைனஸ் 78 டிகிரி ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு). பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகட்டையொட்டி மெல்லிய மூட்டம் இறங்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நூல் இழுத்ததுபோல் வெள்ளைக் கோடுகள் தோன்றி, ஓரிரு நொடியில் கலையும். அதைப் பார்த்த பிள்ளைகள் லேசில் நகரமாட்டார்கள். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

70 சதவீத ஆல்கஹால் உதவாது. அதிலுள்ள நீர் உறைபனியாகப் படிந்து கோடுகளை மறைத்துவிடும். 99 சதவீதம் கைவசம் இருக்கிறது. சிக்கல் ட்ரை ஐஸில்தான். முந்தின நாளே வாங்கினால் தெர்மாகோல் பெட்டிக்குள்ளும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாயு வெளியேற வழியில்லாமல் இறுக்கி மூடினால் பெட்டியே வெடிக்கும்.

அன்று காலையிலேயே 10 கிலோ தரக்கூடியவர் மதுரைப் பக்கம் யாராவது உண்டா? இல்லையென்றால், பெல்டியர் தகடுகளை (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகுபவை) அடுக்கி மைனஸ் 30 வரை இறக்கியவர்கள் சொல்லுங்கள்: சூடான பக்கத்தை எப்படிக் குளிர்வித்தீர்கள்?