பத்துப் பேர் கூடும் கோடிங் சந்திப்பு: போகலாமா, வீட்டிலேயே படிக்கலாமா?

பின்னிலை: 40 நிமிட உரை என்றால் முக்கால்வாசி டாக்குமென்டேஷனில் இருப்பதுதான். போய்வரும் நேரத்தில் அதைப் படித்து, ஓட்டியும் பார்த்துவிடலாம். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக், ஆப்பிள் 1 கணினியின் சர்க்யூட் வரைபடத்தை ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற ஆர்வலர் சந்திப்பில் பகிர்ந்ததைச் சொல்லாதீர்கள். அது 1976. அன்று ஆளைப் பார்த்தால்தான் வரைபடம் கிடைக்கும்.

அரைப்புள்ளி: உரைக்காகப் போனால் வீண்தான். உரை முடிந்து ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் உட்காருகிறார்களே, அதற்காகப் போகவேண்டும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு க்வெரி (தரவைக் கேட்கும் கட்டளை) மெதுவாக இழுக்கிறது என்று வையுங்கள். உதவி கேட்பவர், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையே பிடித்துத் தொங்குவார். பக்கத்திலிருப்பவர் 'எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போடுங்கள்' என்பார். க்வெரியை ஓட்டி, எதிர்பார்த்த வரிகளையும் வந்த வரிகளையும் காட்டும் கட்டளை அது. மதிப்பீடு 250 வரி, வந்தது 48,000. குறைவுதானே என்று நம்பி, ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் நெஸ்டட் லூப் போட்டிருக்கிறது; ஒவ்வொரு வரிக்கும் மறுபக்கம் போய்த் தேடும் முறை அது, வரி குறைவாக இருந்தால்தான் சரி. காரணம், டெம்ப் டேபிளில் (தற்காலிக அட்டவணை) தரவைக் கொட்டியபின், புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டவில்லை. மற்ற டேபிள்களுக்கு அதைத் தானாகச் செய்யும் ஆட்டோவேக்கம் டெம்ப் டேபிளைத் தொடாது. இண்டெக்ஸ் என்று தேடுகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்?

பின்னிலை: அந்த வெளியீட்டை முழுசாக ஒட்டிக் கேட்டால் இணையத்திலும் சொல்வார்கள். பதில் அடுத்தவருக்கும் நிற்கும். அதோடு, அலுவலகத் தரவு டேபிளை வெளியாட்கள் முன்னால் திறப்பதா? ஒரு போட்டோ போதும், வாடிக்கையாளர் தரவு வெளியே போய்விடும்.

அரைப்புள்ளி: திறக்கவே கூடாது. வரிசை எண்களை உருவாக்கும் ஜெனரேட் சீரிஸ் ஃபங்ஷனை வைத்துப் போலித் தரவு செய்யுங்கள். ஆனால் சீராக நிரப்பினால் சிக்கலே மறைந்துவிடும். 95 சதவீத வரிகளில் ஒரே மதிப்பு இருந்தால், அந்தச் சாய்வும் போலியில் வரவேண்டும். எதை ஒட்டவேண்டும் என்பது தெரிந்தவருக்குப் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்தது. தெரியாதவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வேர்ப்பயனர்: பல சந்திப்புகளைக் கெடுப்பது வைஃபை. 1 ஜிபி டாக்கர் இமேஜை (மென்பொருளும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி) 10 பேர் இணையத்திலிருந்து இழுத்தால் 10 ஜிபி; முதல் மணி நேரம் காலி. முந்தின நாளே டாக்கர் சேவ் கட்டளையால் அதை ஒரே டார் கோப்பாக்கிப் பென்டிரைவில் போடுங்கள். அங்கே அதை ஏற்ற டாக்கர் லோட் கட்டளை போதும். ஏஆர்எம், ஏஎம்டி64 என்ற இருவகைப் பிராசசருக்கும் இமேஜ் வேண்டும், இல்லாவிட்டால் எமுலேஷனில் (ஒருவகைப் பிராசசர் மற்றொன்றைப் போல நடிப்பது) ஊரும். லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்குப் பகிரலாம் என்று நம்பாதீர்கள். விருந்தினர் வைஃபையில் பெரும்பாலும் கிளையன்ட் ஐசோலேஷன் இருக்கும், ஒன்றை ஒன்று பார்க்காது. தனி ரௌட்டர் ஒன்று கொண்டுபோங்கள்.

பின்னிலை: இத்தனை ஏற்பாடு வேண்டும் என்பதே என் கட்சிக்கு வலு. தீர்த்த ஒவ்வொன்றையும் அன்றே குழுவின் ரெப்போவில் (பொதுக் கோப்புக் களஞ்சியம்) எழுதுங்கள்: பிழைச்செய்தி, பதிப்பு எண், காரணம், கட்டளை. அப்படி எழுதும் குழுவுக்கு வருவேன், உரைக்கு அல்ல.

அரைப்புள்ளி: எழுதலாம். ஆனால் கேள்வி கேட்டவரே எழுதட்டும். பதில் சொன்னவர் எழுதினால், தனக்குப் பழகிப்போன படிகளைத் தாண்டிப் போய்விடுவார்.