கட்லரி: உண்கருவியா, உண்படையா?

அன்பர்களுக்கு வணக்கம். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விருந்துகள் பற்றிய நூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'கட்லரி'க்கு (கத்தி, கரண்டி, முள்கரண்டி ஆகியவற்றின் பொதுப்பெயர்) மேசைக்கருவி என்று போட்டேன், பொருந்தவில்லை. விருந்துக்கு அழைத்தவர் அன்று கத்தி தருவதில்லை. வருபவரே உறையில் போட்டுக் கொண்டுவருவார். இங்கிலாந்தில் மணப்பெண்ணுக்குச் சோடிக் கத்தி பரிசளிப்பார்கள். அது அவள் இடைக்கச்சையில் தொங்கும். தந்தம், அம்பர் (கல்லாய் இறுகிய மரப்பிசின்), பவளம் என்று பிடிக்குத்தான் மதிப்பு. மேசை எங்கே வந்தது?
– தே.

தம்பி, 'உண்படை' என்க. படை ஆயுதம், படைத்தல் பரிமாறல். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. கரண்டியையும் விட்டுவிடுங்கள், அது கரண்டு, சுரண்டு, பிறாண்டு குடும்பம். நமக்கு அகப்பையைக் குறிக்கும் 'மூழை' இருக்கிறது. பாற்கூழில் கிடந்தும் சுவையறியாத மூழையை நாலடியார் பாடுகிறதே!
– புலவர்

ஐயா, பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் பிரித்து வைத்ததை ஏன் சேர்க்கிறீர்கள்? என் வகுப்பில் சிரிப்பார்கள்.
– ம.

சேர்ந்தேதான் இருந்தது அம்மா. 1669இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்தது எதற்கு? சாப்பாட்டுக் கத்தியே சண்டைக்கும் உதவியது.
– புலவர்

எளிதாக 'உண்கருவி' போதும். ஆனால் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கத்தி உண்டு. அலகின் ஒரு பக்கம் உண்ணுமுன் பாடும் வாழ்த்து, மறுபக்கம் உண்டபின் நன்றி, இரண்டும் இசைக்குறிப்போடு. அதை என்ன கருவி என்பது? இங்கிலாந்து அரசர்களைத் தந்தப் பிடியில் செதுக்கிய 14 கத்திகளும் அங்கே உள்ளன; 1607ஆம் ஆண்டவை. அரசர் தலையைப் பிடித்துக்கொண்டா இறைச்சி அறுத்திருப்பார்கள்? (முள்கரண்டியை மட்டும் தொடாதீர்கள். அது ஊரில் நிலைத்துவிட்டது.)
– வே.

முள்கரண்டிக்கும் எதிர்ப்பு இருந்தது. இத்தாலியர் அதில் உண்பதை ஆங்கிலேயப் பயணி தாமஸ் கோரியட் 1611இல் எழுதினார். இங்கிலாந்து திரும்பியும் அதையே பிடித்ததற்கு நண்பர்களிடம் கேலிதான் கிடைத்தது. எல்லோர் விரலும் ஒரேபோல் சுத்தமில்லை என்பது இத்தாலியர் கட்சியாம். கையால் உண்ணும் நாம் அதற்குத் தனி இழை தொடங்கலாம்.
– ம.

வேண்டாம், வெள்ளிக்கிழமை! பெரும்பாலோர் சொல்வதால் பொதுச்சொல் 'உண்கருவி'. இடையில் தொங்குவது 'கச்சைக்கத்தி'.
– தே.

கச்சைக்கத்தி நன்று. உண்கருவி என்றால் பல்லும் உண்கருவிதான். என் மறுப்பைப் பதிந்துகொள்க. மூழைக்கு ஒருவர்கூட மறுமொழி எழுதவில்லை.
– புலவர்